வேலையா, கடலா? வளர்ந்த நாடுகள் பிந்திப் போட்ட கணக்கு

திருகோணமலை உவர்மலையில் நின்று உள்துறைமுகத்தைப் பார்ப்பவருக்கு இரண்டு தொழில்கள் ஒரே பார்வையில் தெரியும். சீனன்குடாப் பக்கம் மா ஆலையும் சீமெந்து ஆலையும் அவற்றுக்குச் சரக்குக் கொண்டுவந்த கப்பல்களும் நிற்கும். அந்தக் கப்பல்களுக்கு எட்டவாகச் சிறு தோணிகளில் இருந்து சிலர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் கற்பிக்கும் நான், நிலைபேறான அபிவிருத்தி என்ற பகுதியைத் தொடங்கும்போதெல்லாம் இந்தக் காட்சியையே நினைவூட்டுவேன். வேலைவாய்ப்பு, கடல் ஆகிய இரண்டில் எதை முதலில் காக்க வேண்டும் என்று ஒருமுறை வகுப்பில் கேட்டபோது, கடற்றொழில் செய்யும் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "எங்கட அப்பாவுக்கு ரெண்டும் ஒண்டுதானே சேர்" என்றான். கேள்வியே பிழையாக அமைந்திருக்கிறது என்பதை அவன் ஒரே வசனத்தில் காட்டிவிட்டான். செல்வந்த நாடுகள் பல அந்தப் பிழையான கேள்வியைப் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்து, பெரும் விலை கொடுத்த பின்னரே அதைக் கைவிடத் தொடங்கின. அந்த வரலாற்றையும் அதனுள் இருக்கும் பொருளியல் கருத்துக்களையும் புதிதாகப் படிப்பவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளாதார வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். ஓர் ஆண்டில் ஒரு நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியாகும் இறுதிப் பொருள்கள், சேவைகள் அனைத்தினதும் சந்தைப் பெறுமதியைக் கூட்டினால் கிடைப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தி. விலைவாசி ஏற்றத்தை நீக்கிய பின் அத்தொகை சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே வளர்ச்சி வீதம். இது வரவின் கணக்கே தவிர, இருப்பின் கணக்கு அன்று. சட்டம் தடைசெய்திருக்கும் டைனமைட்டை வெடிக்கவைத்து ஒருவர் மீன் பிடித்து விற்றால், அன்று கரைக்கு வந்த மீனின் விலை வரவாகிவிடும். சிதறிப்போன முருகைக்கற்பாறையும், அதனுள் வளர்ந்து அடுத்த பருவத்தில் வலைக்கு வந்திருக்க வேண்டிய குஞ்சுகளும் அந்தக் கணக்கில் எங்கும் கழிக்கப்படுவதில்லை. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு, இந்த வருடம் சோற்றுக்குக் குறைவில்லை என்று மகிழ்வதற்கு ஒப்பானது இது. அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸ், 1934 இல் அந்நாட்டுக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலவாழ்வைத் தேசிய வருமானத்தைக் கொண்டு ஊகிப்பது அரிது என்று எச்சரித்திருந்தார். அளவுகோலைச் செய்தவரே சொன்ன அந்த எச்சரிக்கையை, அதைக் கையில் எடுத்தவர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

நிலைபேறு என்ற சொல்லுக்கு இன்று வழங்கும் பொருளை, நோர்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாந்தின் தலைமையில் இயங்கிய ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு 1987 இல் தந்தது. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலுக்குக் குந்தகம் நேராமல், இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதே நிலைபேறான அபிவிருத்தி என்பது அதன் விளக்கம். கடலும் காடும் மண்ணும் காற்றும் முதல் (மூலதனம்) என்றால், ஆண்டுதோறும் அவை தருகின்ற மீனும் மரமும் விளைச்சலும் வட்டி. வட்டியை உண்ணலாம், அந்த முதலில் கை வைக்கக் கூடாது. இதிலும் பொருளியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அழிந்த இயற்கை முதலுக்கு ஈடாகப் பாலமும் பாடசாலையும் இயந்திரமும் பெருகியிருந்தால் மொத்த முதல் குறையவில்லை என்று ஒரு சாரார் வாதிடுவர். புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறை போன்றவற்றுக்கு எந்தக் கட்டடமும் ஈடாகாது, அவற்றை அவ்வாறே காக்க வேண்டும் என்பர் மற்றச் சாரார். நான் இரண்டாவது சாராரின் பக்கம் நிற்கிறேன், ஏனெனில் இடிந்த பாலத்தை ஈராண்டில் மீளக் கட்டலாம். முருகைக்கற்கள் பாறைத்தொடராக வளர நூற்றாண்டுகள் ஆகும்.

பணம் வந்தால் சுத்தமும் தானாக வரும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. 1990களின் தொடக்கத்தில் ஜீன் குரோஸ்மன், அலன் குரூகர் ஆகிய அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் பல நாடுகளின் காற்று மாசுத் தரவுகளை ஆராய்ந்து, வருமானம் உயரும்போது சில மாசுகள் முதலில் கூடி, ஒரு கட்டத்தின் பின் குறைகின்றன என்று காட்டினர். கவிழ்த்த கிண்ணம் போன்ற அந்தக் கோட்டைச் சுற்றாடல் குஸ்நெட்ஸ் வளைகோடு என்கிறோம்; வருமான ஏற்றத்தாழ்வு பற்றிக் குஸ்நெட்ஸ் முன்னர் சொன்ன வளைகோட்டை அது ஒத்திருந்ததால் அப்பெயர் ஏற்பட்டது. புகை, கழிவுநீர் போன்று அருகில் வாழ்பவரின் கண்ணிலும் மூக்கிலும் படுகின்ற மாசுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். காபனீரொட்சைட்டு போன்று உலகெங்கும் பரவி, விளைவைப் பிந்திக் காட்டும் மாசுகளுக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. வளைகோட்டைப் படிக்கும் மாணவர்கள் அதைவிட முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டியது, கோடு தானாக வளையவில்லை என்பதாகும். வளைத்தவர்கள் யார் என்பதை யப்பானின் ஒரு குடா தெளிவாகக் காட்டுகிறது.

கியூசூ தீவின் வட முனையில், இன்று கித்தாகியூசூ என வழங்கும் நகரத்தின் நடுவே டொக்காய் என்ற ஒடுங்கிய குடா உள்ளது. நமது உள்துறைமுகத்தைப் போலவே நிலத்துக்குள் நுழைந்து அலையடங்கிக் கிடக்கும் நீர் அது. கப்பலுக்கு எந்தப் பாதுகாப்பைத் தருகிறதோ, அதே அமைதியினால் கழிவையும் வெளியே போகவிடாமல் தேக்கிவைக்கும் இயல்பு அத்தகைய குடாக்களுக்கு உண்டு. 1901 இல் அதன் கரையில் யவாத்தா உருக்கு ஆலை இயங்கத் தொடங்கியது. 1960களில் யப்பானின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துச் சதவீதத்தை ஒட்டி வளர்ந்த காலத்தில், உருக்கு, இரசாயன ஆலைகளின் கழிவுநீர் முழுவதும் அந்தக் குடாவுக்குள் விழுந்தது. புகைபோக்கிகளிலிருந்து பல நிறங்களில் எழுந்த புகையை "ஏழு நிறப் புகை" என்று செழிப்பின் அடையாளமாகவே ஊரார் பெருமையுடன் சொன்னார்கள். நீரோ, மீன் மட்டுமன்றி நுண்ணுயிரும் வாழ இயலாதது என்று பேசப்பட்டு, "சாவுக் கடல்" என்று பெயர் பெற்றது.

அங்கே முதலில் குரல் எழுப்பியவர்கள் தொபாத்தாப் பகுதி மகளிர் சங்கத்தினர். உலர்த்தப் போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் கரி படிந்து கறுத்தது, பிள்ளைகள் இருமினார்கள். அப்பெண்களில் பலரின் கணவன்மார் அதே ஆலைகளில் வேலை செய்தவர்கள் ஆதலால், ஆலையை மூடுங்கள் என்று கேட்பது சொந்தச் சோற்றில் மண்ணள்ளிப் போடுவதற்குச் சமம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் அவ்வாறு கேட்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் முறையைக் கற்று, வீழும் கரித்தூசியைத் தாமே அளந்து, பதிவுசெய்து, 1965 இல் ஓர் ஆவணப்படத்தையும் எடுத்து, அந்த ஆதாரங்களுடன் நகர நிர்வாகத்தையும் ஆலை முகாமையாளர்களையும் சந்தித்தார்கள். கூச்சலுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம்; அளந்த எண்ணுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுவே.

அதே கியூசூவின் தெற்கே மினமாத்தா என்ற மீனவ ஊர் இருந்தது. சிசோ நிறுவனத்தின் இரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் இருந்த மெதைல் இரசம் என்ற பாதரசச் சேர்வை மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, அவற்றை உண்ட மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. நோய் 1956 இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. சேதன இரசமே காரணம் என்று குமமொத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர் 1959 இல் கூறினர். ஆனால் ஆலையே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 இல். உற்பத்தியைத் தடைசெய்யாமல் கடந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வளர்ச்சிக் கணக்கில் நல்ல ஆண்டுகளாகவே பதிவாகியுள்ளன.

சமநிலை என்ற சொல்லை ஆராய்பவர் கட்டாயம் அறிய வேண்டிய சட்ட விவரம் ஒன்றும் இங்கே உண்டு. யப்பான் 1967 இல் மாசுத் தடுப்புக்கான அடிப்படைச் சட்டத்தை இயற்றியபோது, வாழ்க்கைச் சூழலைக் காக்கும் பணி பொருளாதாரத்தின் வளர்ச்சியுடன் இசைந்து செல்ல வேண்டும் என்ற வாசகத்தை அதில் சேர்த்தது. கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும் அந்த வாசகம், செலவு கூடும் என்று ஒரு நிறுவனம் முறையிடும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கு வழிவிட்டது. 1970 இன் இறுதியில் கூடிய, பின்னர் "மாசுப் பாராளுமன்றம்" என்று பெயர் பெற்ற கூட்டத்தொடர், மாசு தொடர்பான பதினான்கு சட்டங்களை நிறைவேற்றியபோது அந்த வாசகத்தை நீக்கியது. மறு ஆண்டு சுற்றாடலுக்கென்று தனி முகவரகம் அமைந்தது. டொக்காய்க் குடாவின் அடியில் படிந்திருந்த இரசம் கலந்த சேறு 1970களின் நடுப்பகுதியில் தோண்டி அகற்றப்பட்டது. அச்செலவின் பெரும்பகுதியைக் கழிவை விட்ட தொழிற்சாலைகளே ஏற்றன. மீனும் இறாலும் திரும்பி வந்தன. உருக்கு ஆலையும் மூடப்படவில்லை, யப்பானின் வளர்ச்சியும் நின்றுபோகவில்லை. கித்தாகியூசூ நகரம் 1990 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் விருதைப் பெற்றது.

தொழிற்சாலைகளே செலவை ஏற்றன என்பதில்தான் இத்துறையின் மையக் கருத்து அடங்கியிருக்கிறது. ஆலை ஒன்று கழிவைச் சுத்திகரிக்காமல் கடலில் விட்டால் சுத்திகரிப்புச் செலவு மறைந்துபோவதில்லை. மீனவரின் வெறும் வலையாகவும், நோயாளியின் மருந்துச் செலவாகவும் இடம் மாறுகிறது. பொருளை விற்றவரும் வாங்கியவரும் செலுத்தாத, மூன்றாமவர் தலையில் விழுகின்ற இந்தச் செலவைப் பொருளியல் புறச்செலவு என்கிறது. அதற்கு ஈடான வரியை மாசுபடுத்துபவர் மீது விதித்தால் விலை உண்மையைப் பேசத் தொடங்கும் என்ற கருத்தை ஆர்தர் பிகூ என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1920 இல் முன்வைத்தார். மாசுபடுத்துபவரே செலவேற்க வேண்டும் என்பதை, வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 1972 இல் பொதுக் கோட்பாடாக ஏற்றது.

அது நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குச் சுவீடன் நல்ல எடுத்துக்காட்டு. 1991 இல் அந்நாடு காபன் வரியை அறிமுகப்படுத்தியது. ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சுமார் 250 குரோனராக இருந்த வரி, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக உயர்ந்து, இன்று 1,200 குரோனரைத் தாண்டிவிட்டது. அதே சீர்திருத்தத்தில் வருமான வரி குறைக்கப்பட்டது. உழைப்பின் மீதிருந்த சுமையின் ஒரு பங்கு புகையின் மீது மாற்றப்பட்டது என்று சொல்லலாம். குளிர் நாடாகிய அங்கே வீடுகளைச் சூடாக்குவதற்கு எரித்த எண்ணெய் விலை கூடியதால், நகரங்களின் வெப்ப வழங்கல் நிலையங்கள் மரக்கழிவு போன்ற எரிபொருள்களுக்கு மாறின. எந்த அதிகாரியும் வீடு வீடாகச் சென்று கட்டளையிட வேண்டியிருக்கவில்லை. 1990 உடன் ஒப்பிட்டால் சுவீடனுக்குள் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துள்ளன. பொருளாதாரமோ அக்காலத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வளர்ந்திருக்கிறது.

பிரித்தானியாவின் மாற்றம் இதைவிட வேகமானது. 2012 இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிலக்கரி தந்தது. 2013 இல் மின்னுற்பத்தியின் காபனுக்குக் கட்டாயக் குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டதும் அது சரியத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே இருபதில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு வந்தது. 2024 செப்டெம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. 1882 இல் இலண்டனில் நிலக்கரி எரித்து ஊருக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிய நாடு அது என்பதை நினைத்தால், 142 ஆண்டுகளின் பழக்கம் பன்னிரண்டு ஆண்டுகளில் கைவிடப்பட்டது புலப்படும்.

ஆயினும் வரி மட்டும் போதாது. 2018 இல் பிரான்சு எரிபொருள் வரியை உயர்த்த முனைந்தபோது, பேருந்து வசதி இல்லாத ஊர்களில் சொந்த வாகனத்தையே நம்பி வேலைக்குச் செல்லும் மக்கள் மஞ்சள் மேலங்கி அணிந்து வீதிக்கு இறங்கினார்கள்; அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. சுமை யார் தோளில் விழுகிறது என்பதைக் கவனியாத கொள்கை, அதன் நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், நிலைக்காது. நிலக்கரியைக் 2038 க்குள் கைவிடுவதாக 2020 இல் சட்டம் இயற்றிய ஜேர்மனி, சுரங்கப் பிரதேசங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது இந்தப் பாடத்தை உணர்ந்தமையால் ஆகும்.

பொருளாதாரம் வளரும் அளவுக்கு மாசும் சேர்ந்து வளராதிருப்பதைப் பிணைப்பு நீக்கம் என்று அழைக்கலாம். இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். உற்பத்தி பத்து மடங்கு வளர மாசு ஐந்து மடங்கு வளர்ந்தால் அது சார்பளவான நீக்கம். விகிதம் நன்றாகத் தோன்றினாலும் கடலுக்குள் விழும் கழிவு கூடிக்கொண்டேதான் போகும். உற்பத்தி வளர மாசின் மொத்த அளவே குறைந்தால் அதுவே முழுமையான நீக்கம். சிக்கனமான இயந்திரம் மட்டும் இரண்டாவதைத் தந்துவிடாது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்ததால் நிலக்கரிப் பாவனை குறையாமல் கூடியதை 1865 இலேயே வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் எடுத்துக்காட்டினார். குறைந்த மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் கிடைத்தால் மீனவர் எண்ணெயை மிச்சம் பிடிப்பாரா, இன்னும் தூரத்துக்குப் போவாரா என்று எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

வளர்ந்த நாடுகளின் சாதனையை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கடினமான கேள்வி, மாசு குறைந்ததா, இடம் மாறியதா என்பதே. ஓர் நாட்டின் எல்லைக்குள் வெளியாகும் வாயுக்களை எண்ணுவது ஒரு முறை. அந்நாட்டு மக்கள் பாவிக்கும் பொருள்களை உற்பத்தி செய்ய உலகின் எந்த மூலையிலாயினும் வெளியான வாயுக்களை எண்ணுவது மற்றொரு முறை. பிரித்தானியா, சுவீடன் ஆகிய இரு நாடுகளுக்கும் இரண்டாவது கணக்கே கணிசமாக உயர்ந்து நிற்கிறது. உருக்கையும் துணியையும் மின்னணுப் பொருள்களையும் ஆசிய நாடுகளிடம் வாங்கினால், அந்தப் புகை, வாங்கியவரின் வானில் தெரியாது. இதற்குப் புகையை விடக் கண்கூடான சான்றை நம் நாடே கண்டது. 2017 க்கும் 2019 க்கும் இடையில் பழைய மெத்தைகளும் விரிப்புகளும் மீள்சுழற்சிக்கென்று பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த 200 க்கும் மேற்பட்ட கொள்கலன்களில் அபாயகரமான கழிவுகள் கலந்திருந்ததாகச் சுங்கத் திணைக்களம் கூறியது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டது. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டது. சுத்தமான வீதி கொண்ட நாடுகளைக் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொள்கலன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கித்தாகியூசூவின் பெருமையும் இந்தக் கொள்கலன்களின் வெட்கமும் ஒரே பாடத்தின் இரு பக்கங்களாகப் படிக்கப்பட வேண்டியவை.

இதனால்தான் சில பொருளியலாளர், ஏற்கெனவே செல்வம் மிகுந்த நாடுகள் இனியும் வளர்ந்துகொண்டே போக வேண்டுமா என்று வினவுகின்றனர். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ 14 தொன், யப்பானில் 8 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகும்போது, இலங்கையில் அது ஒரு தொன்னை ஒட்டியே இருக்கிறது. வளர்ச்சியை நிறுத்துங்கள் என்ற அறிவுரையை மூதூரில் உள்ள ஒரு கூலித் தொழிலாளிக்குச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வீடும் மருத்துவமும் கல்வியும் நிறைவாகக் கிடைத்துவிட்ட சமூகத்துக்கு அக்கேள்வி பொருத்தமானதே என்று நான் கருதுகிறேன். அந்நாடுகளின் குறைப்பு, விகிதத்தில் மட்டுமன்றி மொத்த அளவிலும், இறக்குமதியையும் சேர்த்து எண்ணிய கணக்கிலும் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் திருகோணமலையிலிருந்து படிப்பவருக்கு மூதூருக்கு அருகேயுள்ள சம்பூர் நினைவுக்கு வராமல் இராது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவில் வெந்நீரும் சாம்பலும் என்ன செய்யும் என்று மக்கள் கேட்டார்கள். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அது கட்டப்பட்டிருந்தால், பிரித்தானியா தன் கடைசி நிலையத்தை மூடிய நாளில் சம்பூர் நிலையம் இன்னும் புதியதாக இருந்திருக்கும். அத்தகைய நிலையங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் இயங்குவதற்கென்றே கடன் வாங்கிக் கட்டப்படுவதால், கடன் தீரும் வரை அதை மூடுவதற்கு எவருக்கும் மனம் வந்திராது. 2011 இல் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் ஆற்றலுடன் நிற்கும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றி நாடு எதிர்கொள்ளப்போகும் சிக்கலும் அதுவே.

சம்பூரில் இப்போது 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான பணிகள் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டுள்ளன. சூரியத் தகடு புகை விடாது; எனினும் அதற்கு நிலம் வேண்டும், அந்த நிலத்தில் மாடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய இழப்பையும் திட்டத்தின் செலவுப் பக்கத்தில் எழுதிய பின்னரே, அங்கே பிறக்கப்போகும் மின்சாரத்தின் விலை எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.